வளைந்த டேங்கில் வளையாத பேட்ஜ்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் ஒட்டிய உலோக பேட்ஜ் கழன்று விழுந்தால், பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது பசையைத்தான். இன்னும் வலுவானது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டேப்பை வாங்கி மறுபடி ஒட்டுவார்கள். அதுவும் அடுத்த கத்திரி வெயில் முடிவதற்குள் ஓரத்தில் வாய் பிளக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு பழைய புல்லட்டின் டேங்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்த கையோடு, எழுத்துகள் புடைத்து நிற்கும் ஒரு ஜோடி பித்தளை பேட்ஜை உடனடிப் பசையால் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். இரண்டாவது வாரம் வெயிலில் நின்றிருந்த வண்டியில் இடப்பக்க பேட்ஜின் ஒரு முனை எழும்பிவிட்டது. எழும்பிய முனையோடு காசளவு பெயிண்டும் உரிந்து வந்திருந்தது.

அந்த பேட்ஜின் எடை 60 கிராம்தான். நிலையாகத் தொங்கும் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும் என்பது, இருபுறமும் ஒட்டும் ஆக்ரிலிக் நுரை டேப் செய்பவர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி 60 கிராமைத் தாங்க மூன்றரை சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறிய தபால்தலையின் பரப்பே போதும். 150 மில்லிமீட்டர் நீளமும் 35 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பேட்ஜின் முதுகில் அதைப்போல் பதினைந்து மடங்கு இடம் இருக்கிறது. ஆகவே எடை அதைக் கீழே தள்ளவில்லை. தட்டையான தகட்டை வளைந்த பரப்பின் மேல் அழுத்தி ஒட்டும்போது தகடு அப்போதைக்கு வளைந்து கொடுக்கிறதே ஒழிய, தன் பழைய வடிவத்தை விட்டுவிடுவதில்லை. நாணேற்றிய வில்லைப்போல் இரவும் பகலும் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் இரண்டு முனைகளில் போய்ச் சேர்கிறது. எந்தப் பசையும் நேராக இழுத்தால் தாக்குப்பிடிக்கும். ஓரத்திலிருந்து உரித்தால்தான் தோற்கும். வெயில் ஏறி டேப் இளகும் நாளில் வில் வென்றுவிடுகிறது.

எனவே இந்த வேலையில் முக்கால் பங்கு, பசையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எதுவும் தடவாமல் வெறுமனே வைத்தாலே பேட்ஜ் டேங்கின் மேல் ஆடாமல் அமர வேண்டும். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லப்போகிறேன்.

வளைவை அளப்பது

நான் மனத்தில் வைத்து எழுதுவது ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் டேங்கை. 1955-இல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் செய்துவந்த வண்டி அது. அதன் டேங்க் நீர்த்துளி வடிவம் கொண்டது. முன்பின்னாகவும் வளையும், மேல்கீழாகவும் வளையும். இப்படி இரு திசையிலும் வளைந்த பரப்பில் ஒரு தகட்டை முழுமையாகப் படிய வைக்க முடியாது. குடத்தின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தால் காரணம் தெரியும்: ஒரு திசையில் படிந்தால் மறு திசையில் சுருக்கம் விழும். ஆகவே நீளவாட்டில் வளைவைச் சரிசெய்துகொண்டு, அகலவாட்டில் எஞ்சும் சிறு இடைவெளியை டேப்பின் நுரையிடம் விட்டுவிடுவதே நடைமுறை.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேட்ஜ் வரப்போகும் இடத்தில் ஓர் எஃகு அளவுகோலை நீளவாட்டில் வைத்து, நடுப்புள்ளி டேங்கைத் தொட, இரு பக்கமும் சம அளவு தூக்கி நிற்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 75 மில்லிமீட்டர் தள்ளி, அளவுகோலுக்கும் டேங்குக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 150 மில்லிமீட்டர் நீள பேட்ஜுக்கு நீங்கள் சமாளிக்க வேண்டிய அளவு அதுதான். கணக்காகச் சொன்னால், பேட்ஜின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த இடைவெளி கிடைக்கும். ஆரம் 600 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 4.7 மில்லிமீட்டர்; ஆரம் 300 ஆகக் குறைந்தால் 9.4. பார்வைக்கு ஏறக்குறையத் தட்டையாகத் தெரியும் டேங்கின் பக்கவாட்டில்கூட இந்த எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வருவதைக் கண்டு முதல் முறை அளப்பவர்கள் வியப்படைவார்கள்.

டேப் எவ்வளவு தாங்கும்? சாதாரணமாகக் கிடைக்கும் ஆக்ரிலிக் நுரை டேப்பின் கனம் 1.1 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் பாதிக்கு மேல் இடைவெளியை அதனிடம் விடக்கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. அதாவது அரை மில்லிமீட்டர். முன் சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் 35 மில்லிமீட்டர் அகலம் வரை எதையும் வளைக்காமலே ஒட்டலாம் என்று வருகிறது. நீளமான, ஒடுக்கமான பேட்ஜுகளின் அகலவாட்டைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருப்பதற்கும், அகலமான வட்ட பேட்ஜுகள் தொல்லை தருவதற்கும் இதுவே காரணம்.

அரை மில்லிமீட்டரை அளக்க வீட்டிலேயே கருவி இருக்கிறது. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஐந்து தாள்களைச் சேர்த்து ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொண்டு, பேட்ஜை டேங்கின் மேல் அழுத்தாமல் வைத்து, ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். ஐந்தும் சேர்ந்து உள்ளே போனால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

உலோகத்தை அறிந்து வளைப்பது

வளைக்கலாமா கூடாதா என்பதை உலோகம்தான் தீர்மானிக்கும். பேட்ஜின் முதுகில், வெளியே தெரியாத ஓரிடத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெண்மையாகவும் கையில் மிக இலேசாகவும் இருந்தால் அலுமினியம். சாம்பல் நிறமாகவும், அளவுக்கு மீறிக் கனமாகவும், காந்தம் ஒட்டாததாகவும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. குரோம் முலாம் பூசிய தடித்த பேட்ஜுகள் பலவும் இந்தக் கடைசி வகைதான். வார்த்த துத்தநாகத்தை எந்தக் காரணத்துக்காகவும் வளைக்காதீர்கள். அது முறுக்கு மாதிரி பட்டென்று ஒடியும்; ஒடியாமல் தப்பினாலும் மேலே உள்ள முலாம் விரிசல் விடும். எனாமல் நிரப்பிய பேட்ஜுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு உட்பட்ட வெறும் பித்தளையோ அலுமினியமோ என்றால் வளைக்கலாம். அதற்கு ஒரு மரக்கட்டை வேண்டும். டேங்கின் வளைவை ஓர் அட்டையில் படியெடுத்து, அந்தக் கோட்டைக் கட்டையின் மேல் வரைந்து, டேங்கைவிடச் சற்று இறுக்கமான வளைவாக அதைச் செதுக்கிக்கொள்ளுங்கள். வளைத்து விட்டதும் தகடு கொஞ்சம் நிமிரும் என்பதால் அந்தக் கூடுதல் வளைவு தேவை. படியெடுக்க எளிய வழி, அட்டையை டேங்குக்குச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு வாஷரின் துளையில் பென்சில் முனையை வைத்து, வாஷரின் விளிம்பு டேங்கைத் தொட்டபடியே உருட்டிச் செல்வது. டேங்கின் வளைவு அட்டையில் தானாக விழும்.

செதுக்கிய கட்டையின் மேல் பேட்ஜை முகம் மேலே இருக்க வைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சுத்தியலால் அடிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். புடைத்த எழுத்துகளின் முனை மழுங்காது, தகட்டில் அடித்தழும்பும் விழாது. அவிழ்த்து, டேங்கின் மேல் வைத்து, தாள் சோதனை செய்து, போதவில்லை என்றால் கட்டையை இன்னும் கொஞ்சம் செதுக்கி மறுபடி சுற்றுங்கள். மூன்று நான்கு முறை ஆகும், அவசரம் கூடாது. எழுத்து உள்ள இடங்களில் தகடு கனமாக இருப்பதால், எழுத்துகளுக்கு இடையே மட்டும் மடிந்து, பட்டை பட்டையாக வளைய அது முயலும். அப்படி நேர்ந்தால், வளைக்கும் முன் அதை இளக்க வேண்டும்; அதாவது உருக்காமல், சூடாக்கி மென்மையாக்க வேண்டும்.

முலாமோ வண்ணமோ இல்லாத பித்தளையை, வெளிச்சம் குறைந்த இடத்தில் ஊதுவிளக்கால் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கி ஆறவிட்டால் இளகிவிடும். அலுமினியம் உருகும்வரை நிறம் மாறாது என்பதால் கண்ணை நம்ப முடியாது. அதன் மேல் சலவை சோப்பைத் தேய்த்துச் சூடாக்கி, சோப்பு கருகிய பழுப்பாக மாறியதும் தீயை எடுத்துவிட வேண்டும். இந்த வேலை எதையும் வண்டிக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே தீப்பற்றிவிடும்; நிரம்பிய டேங்கைவிடக் காலியான டேங்க் ஆபத்தானது என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

வளைக்க முடியாததற்கு மெத்தை

துத்தநாக வார்ப்பையும் தடித்த பித்தளையையும் வளைக்க முடியாது. அவற்றுக்குக் கீழே டேங்கின் வளைவோடு பொருந்தும் ஒரு மெத்தை வார்த்துவிடலாம். இதற்கு எம்-சீல் போன்ற இரு பாக எபாக்ஸி மாவு ஏற்றது. டிங்கர் கடைகளில் பூசும் பட்டி இதற்கு உதவாது. அது காயும்போது சுருங்கும்.

டேங்கைக் கழுவித் துடைத்து, சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அதன் மேல் சுருக்கமின்றி இழுத்து, நான்கு புறமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். பேட்ஜின் முதுகில் ஆணிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள் இருந்தால் ரம்பத்தால் அறுத்து அரத்தால் சமமாக்குங்கள். பிறகு 120 எண் உப்புத்தாளால் முதுகைச் சொரசொரப்பாக்கி, மாவை ஒரே நிறம் வரும்வரை பிசைந்து அதில் பூசுங்கள். தட்டையான பேட்ஜ் என்றால் நடுவில் மெல்லியதாகவும், முனைகளை நோக்கிப் போகப்போகத் தடிப்பாகவும் பூச வேண்டும். குறித்த இடத்தில் பேட்ஜை வைத்து, நடுப்பகுதி ஏறக்குறையப் படலத்தைத் தொடும் வரை மெதுவாக அழுத்தி, மாஸ்கிங் டேப்பால் நிறுத்துங்கள். இங்கே பலமாக அழுத்தினால் பேட்ஜே வளைந்து, அந்த வளைவோடு மாவு இறுகி, நாம் தவிர்க்க நினைத்த வில் மறுபடி உள்ளே வந்துவிடும். ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டுப் பிறகு எடுத்து, வெளியே பிதுங்கியதை அரத்தால் உள்நோக்கிச் சரிவாகத் தேய்த்து, விளிம்புக்குக் கறுப்பு வண்ணம் தீட்டுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பேட்ஜின் நிழலாகவே தெரியும்.

மெத்தையின் முனைக் கனம் மூன்று, நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் எந்தக் கறுப்பும் அதை மறைக்காது, முழங்காலிலும் இடிக்கும். அவ்வளவு இடைவெளி வந்தால் டேங்கில் இன்னும் தட்டையான இடத்தைத் தேடுவதோ, சிறிய பேட்ஜுக்கு மாறுவதோ நல்லது. ஒன்பது மில்லிமீட்டரை மாவால் நிரப்பிய ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் நன்றாகத்தான் நின்றது; ஆனால் டேங்குக்குக் கன்னம் வீங்கியதுபோல் இருந்தது.

இடம் குறிப்பது

வண்டியை நடு ஸ்டாண்டில், சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் பேட்ஜுக்கு இடம் பார்த்து, மூடி, அடிவிளிம்பு, முழங்கால் ரப்பர் இவற்றிலிருந்து உள்ள தூரத்தை ஒரு பெரிய காகிதத்தில் படியெடுத்து, அதே காகிதத்தைப் புரட்டி மறுபக்கத்தில் வைத்துக் குறியுங்கள். ஆனால் இந்தக் குறியை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். புல்லட்டின் டேங்கில் உள்ள பொன்னிறக் கோடுகள் தூரிகையால் கையால் இழுக்கப்படுபவை. இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருப்பதில்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அளவுகோலுக்கும் கோட்டுக்கும் முரண் வந்தால் நான் கோட்டின் பக்கமே நிற்பேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எவரும் பார்ப்பதில்லை. ஆனால் கோட்டையும் பேட்ஜையும் எப்போதும் சேர்த்தேதான் பார்க்கிறார்கள். மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பார்த்து, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, இருக்கையில் அமர்ந்து முழங்கால் எங்கே படுகிறது என்றும் பாருங்கள். சிறகு, அம்பு போன்ற வடிவங்களில் இடது வலது வேறுவேறாக இருக்கும் என்பதை இந்தக் கட்டத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒட்டுவது

டேப், பெயிண்டைப் பிடிக்கிறது. பெயிண்ட், டேங்கைப் பிடிக்கிறது. இரண்டில் எது பலவீனமோ அதுதான் உங்கள் பேட்ஜின் ஆயுள். பட்டறையில் காற்றில் உலரவிட்ட புதுப் பெயிண்டுக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். அதிலிருந்து வெளியேறும் கரைப்பான் டேப்பின் பிடியைக் கெடுக்கும். மெழுகு, பாலிஷ் எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. ஷாம்பு நீரால் கழுவி உலர்த்திய பிறகு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த நீர்மத்தால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாகும் முன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கை கழுவும் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதைப் பயன்படுத்த வேண்டாம்; அதில் உள்ள கிளிசரின் பரப்பில் தங்கிவிடும். தின்னர் பெயிண்டையே கரைக்கும். பேட்ஜின் முதுகையும் மெத்தையையும் இதேபோல் துடைத்து, அதற்குப் பிறகு அங்கே விரல் வைக்காதீர்கள்.

எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெள்ளை நுரை டேப் சுவர்க் காலண்டருக்குப் போதும். வெயிலில் அதன் நுரையே கிழிந்துவிடும். வேண்டியது, வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், சாம்பல் அல்லது கறுப்பு நிறமுள்ள ஆக்ரிலிக் நுரை டேப். த்ரீ-எம் நிறுவனத்தின் வி.எச்.பி. இந்த வகையில் பெயர்பெற்றது. சிவப்பு உறை போட்டதெல்லாம் அந்தத் தரம் அல்ல. எபாக்ஸி போன்ற கெட்டிப் பசையை நான் விரும்பாததற்குக் காரணம் உண்டு. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 டிகிரி வெப்பநிலை ஏறினால் 150 மில்லிமீட்டர் நீளத்தில் அந்த வேறுபாடு 0.07 மில்லிமீட்டர் அளவே என்றாலும், கெட்டிப் பசை அதைத் தாங்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். நுரை அதைப் பொருட்படுத்தாது. வினிகர் வாசனை வீசும் சிலிக்கோனையும் தவிர்த்துவிடுங்கள்; அது இறுகும்போது வெளிவிடும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

டேப்பை பேட்ஜின் முதுகு முழுவதும், விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளடங்கி ஒட்டி, ஓரங்களைக் கூர்மையான பிளேடால் நறுக்குங்கள். பேட்ஜின் மேல் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் டேங்கோடு கீல் போல் இணைத்து, கதவைத் திறப்பதுபோல் மேலே தூக்கி, உறையை உரித்து, மெல்லக் கீழே இறக்குங்கள். ஒருமுறை பட்டால் நகர்த்த முடியாது. அதனால்தான் இந்தக் கீல். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிக் கட்டைவிரலால், ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து இருபது விநாடி, நன்றாக அழுத்துங்கள். டேங்க் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கிக்கொள்ளலாம். சமவெளியில் காலை எட்டு மணிக்கு, நிழலில் செய்தால் போதும். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கும், 72 மணி நேரத்தில் முழுமையும் வரும். அந்த மூன்று நாளும் வண்டியைக் கழுவாதீர்கள். பெட்ரோல் போடும்போது வழிந்தால் பேட்ஜின் ஓரத்தில் தேங்கவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

திருகு இருந்தால்

பழைய டேங்குகள் சிலவற்றில், பேட்ஜுக்கென்றே மரை வெட்டிய குமிழ்கள் வெளித்தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றின் அடி மூடியிருக்கும். அவை இருந்தால் டேப்பே தேவையில்லை. தீக்குச்சியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, அதோடு பேட்ஜின் கனத்தைக் கூட்டி, ஒரு மில்லிமீட்டர் குறைத்துத் திருகு வாங்குங்கள். நீளம் கூடினால் திருகு அடியில் முட்டி, குமிழைத் தகட்டோடு பெயர்த்துவிடும். பேட்ஜுக்கும் பெயிண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பரும், மரையில் கொஞ்சம் கிரீஸும் வைத்தால் மழைநீர் தேங்கித் துரு பிடிக்காது. இங்கும் வளைவு பொருந்தாத பேட்ஜைத் திருகின் பலத்தால் இழுத்துப் படிய வைக்காதீர்கள். குமிழ் இல்லாத டேங்கில் துளை போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒட்டியதை எடுக்க வேண்டி வந்தால், நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் பேட்ஜைத் தொடச் சுடும் அளவுக்குச் சூடாக்கி, தூண்டில் நரம்பை அதன் பின்னால் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல் இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் நுரை அறுபடும். டேங்கில் எஞ்சும் பிசினைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்து, மீந்ததை நீலகிரித் தைலம் நனைத்த துணியால் துடைக்கலாம். முன்னதாக மறைவான ஓரிடத்தில் பெயிண்ட் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்ஜ் இருந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிட அடர்ந்த நிறத்தில் தெரிந்தால் அது கறை அல்ல. வெயில் படாமல் காக்கப்பட்ட பழைய பெயிண்ட்தான். அதே அளவோ, அதைவிடச் சற்றுப் பெரியதோ ஆன பேட்ஜைத் தேடுவது பெயிண்டரைத் தேடுவதைவிடச் செலவு குறைந்த வழி.